வயிற்றின் வாய்: சட்டனிலிருந்து எலிஃபன்ட் அன்ட் காசிலுக்கு ஒரு சனிக்கிழமை

மாரடைப்போடு கிளினிக்குக்குப் போன என் நண்பனுக்கு வாய் கொப்பளிக்கிற மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்த அநியாயம் இதுதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் ரெயின் பாதை, பஸ் இலக்கம் எல்லாம் சொல்லப்போகிறேன். பயண விபரம் மட்டும் தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். பொறுக்க ஏலாதவர்களுக்கு என்னுடைய பழைய பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் கடற்கரையும் கோவிலும்தான்.

நண்பனின் பெயர் எஃப்ராயின். கொலம்பியாக்காரன். லண்டனில் பிளாக்பிரையர்ஸ் பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் நானும் அவனும் விடியப்புற ஷிப்டில் கிளீனிங் வேலை செய்தோம். நான் ஓய்வு எடுத்துவிட்டேன், அவன் போன மாரிவரைக்கும் செய்தான். அந்தக் கட்டடத்தில் துடைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். கதைக்க ஆள் வேண்டுமே என்று நானும் படித்தேன். வகுப்புக்குப் போகவில்லை. ஒரு பழைய பாடப்புத்தகம், காதில் ஒரு வானொலி, பக்கத்தில் எஃப்ராயின். நான் அவனிடம் ஸ்பானிஷ் படித்தேன், அவன் என்னிடம் கிரிக்கெட் படிக்க மறுத்துவிட்டான். அவன் என்னைக் 'கொம்பாத்ரே' என்று கூப்பிடுவான். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவரைக் கூப்பிடும் முறை அது. நான் சைவக்காரன், அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் நிற்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவான். நான் அவனை மச்சான் என்பேன்.

போன மாரிகாலத்தில் அவனுக்கு நெஞ்சுக்குழியில் நோவு வந்தது. நெஞ்செலும்பு முடிந்து வயிறு தொடங்குகிற அந்தப் பள்ளத்தைத்தான் நாங்கள் நெஞ்சுக்குழி என்கிறோம். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'லா போக்கா தெல் எஸ்தோமகோ'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'வயிற்றின் வாய்'. எஃப்ராயின் கிளினிக்குக்குப் போய், வயிற்றின் வாயில் நோகுது என்று சொன்னான். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர். இரைச்சலான லைன். டொக்டருக்குப் போய்ச் சேர்ந்தது 'வாயிலும் வயிற்றிலும் நோவு'. டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். எஃப்ராயினும் திறந்தான். நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்த மனிசன் அண்ணாந்து பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். கொப்பளிக்க ஒரு போத்தல், வயிற்றெரிவுக்குக் குளிசை. அடுத்த நாள் வேலைத்தலத்தில் விழுந்தான்.

உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி. ஆனால் இருதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. இப்போது பால் போத்தல் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலே வழியில் நின்று மூச்சு வாங்குகிறான். நாங்கள் முறைப்பாடு செய்தோம். மொழிபெயர்ப்பு வசதி வழங்கப்பட்டிருந்தது என்று பதில் சொன்னார்கள். வழங்கப்பட்டிருந்ததுதான். அதை யார் இல்லையென்றது?

இத்தனை வருடம் லண்டனில் இருந்தும் இங்கிலிஷ் வரவில்லையா என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விடிய நாலு மணிக்கு ஒரு கட்டடத்துக்குள் போய், ஆட்கள் வருமுன் வெளியே வந்துவிட வேண்டும். பின்னேரம் ஆட்கள் போனபிறகு இன்னொரு கட்டடம். இங்கிலிஷ் பேசுகிறவர்கள் நாற்காலியில் இருக்கிற நேரம் இவர்கள் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருப்பதில்லை. யாரோடு பேசிப் பழகுவது?

இனிப் பயணத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை எஃப்ராயின் போன் எடுத்தான். அவர்கள் ஸ்பானிஷில் சொன்னதையெல்லாம் நான் எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

"கொம்பாத்ரே, மார்லேனியும் இப்ப அந்த இடத்திலதான் கையை வைக்கிறாள்," என்றான். மார்லேனி அவன் மனைவி.

"டொக்டரிட்டப் போகச் சொல்லு."

"போகமாட்டாளாம். வாயைத் திற எண்டு சொல்லுவினமாம். சனிக்கிழமை எலிஃபன்டில சேர்ச் ஹோலில எங்கட ஆக்கள் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் இலவசமாப் பாக்கினம். எல்லாம் ஸ்பானிஷில. நீ வந்து கூப்பிட்டா வருவாள். அவளுக்கு உன்னில ஒரு பயம்."

"பயமில்லை மச்சான். நான் விடமாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும்."

வெளிக்கிடும்போது என் மனைவி பவானி வாசலில் நின்றா. "ஊரில இருக்கிற எல்லாருக்கும் பிரஷர் பாக்க வெளிக்கிட்டிட்டியள். உங்கட பிரஷரை ஆர் பாக்கிறது?"

"எனக்கொண்டுமில்லை. அது வாய்வு."

"ஓம், உங்கட வாய்வுக்கு இப்ப கலியாண வயசு."

நான் இருக்கிற சட்டனிலிருந்து எலிஃபன்ட் அன்ட் காசிலுக்கு நேரடி ரெயின் இருக்கிறது. பிளாக்பிரையர்ஸ் வழியாக வடக்கே போகிற ரெயின் அது. கிட்டத்தட்டப் பத்து மைல். இதில் ஒரு பொறி இருக்கிறது, முதல்தரம் போகிற எல்லாரும் அதில் விழுகிறார்கள். ஒரே இடத்துக்குப் போகிற ரெயின் சட்டனிலிருந்து இரண்டு பக்கமும் புறப்படும். மிட்சம் ஜங்ஷன் வழியாகப் போவதில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடம். விம்பிள்டன் வழியாகப் போவதில் ஏறினால் தென்லண்டனை ஒருக்காச் சுற்றிக் காட்டிவிட்டு, இன்னொரு இருபது நிமிடம் கழித்து இறக்கும். பலகையில் 'மிட்சம் ஜங்ஷன்' என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். வயதானவர்களுக்கான இலவசப் பாஸ் உள்ளவர்கள் கிழமை நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் ரெயினில் பாவிக்கலாம். சனி ஞாயிறில் நேரக் கட்டுப்பாடு இல்லை. நான் சனிக்கிழமை ஒன்பது மணியளவில் ஏறினேன். சாளரத்தோரம் இடம் கிடைத்தது.

எலிஃபன்ட் அன்ட் காசிலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி மாடிகள். முன்பு இங்கே ஒரு பழைய ஷொப்பிங் சென்டர் இருந்தது. உள்ளே லத்தீன் அமெரிக்கர்களின் கடைகள், சாப்பாடு, தையல், காசு அனுப்புகிற இடம் எல்லாம் இருந்தன. அதை இடித்துவிட்டார்கள். கடைக்காரர்கள் சிலர் ரெயில் பாலத்துக்குக் கீழே உள்ள வளைவுகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மேலே ரெயின் போனால் கீழே கோப்பிக் கோப்பை நடுங்கும். அங்கே கட்டாயம் ஒரு சீஸ் பண் சாப்பிட்டுப் பாருங்கள். மரவள்ளி மாவும் சீஸும் போட்டுச் சுட்டது, சூடாக இருக்கும்போது எங்கட ஆட்களுக்கு நன்றாகப் பிடிக்கும். ஒன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்வது ஏன் என்று கட்டுரையை வாசிக்க விளங்கும்.

அங்கிருந்து வோல்வர்த் ரோட் வழியாக 12ஆம் இலக்க பஸ், இல்லாவிட்டால் 35. கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்சில் ஏறினால் திரும்பக் கட்டத் தேவையில்லை. எஃப்ராயின் வீட்டுக்கு ஐந்து தரிப்பு. நடந்தும் போகலாம். அன்றைக்கு மழை.

அவர்கள் இருப்பது ஒரு கவுன்சில் குடியிருப்புக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலின் மை வெளிறிப்போயிருந்தது. எஃப்ராயின் கீழேயே நின்றான், ஒரு நாளில் ஒருதரத்துக்கு மேல் ஏற அவனால் ஏலாது. மார்லேனி பால் வாங்கப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்தார். குட்டையான, விறைப்பான மனுசி. மழைக்கோட்டுக்குக் கீழே தேவாலயத்துக்குப் போடுகிற சப்பாத்து. அந்தச் சப்பாத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. வருகிற எண்ணம் இல்லாதவர் அதைப் போட்டிருக்கமாட்டார்.

"தோன் ராசா," என்றார். ராசா என் பெயர், அந்தத் 'தோன்' எங்கட 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். "மழைக்குள்ள வந்திருக்கிறியள். கோப்பி குடிச்சிட்டுத் திரும்பிப் போங்கோ."

"கோப்பி குடிக்கிறன். திரும்பிப் போகேல்லை."

பையை நான் வாங்கப் போனேன், தரவில்லை. எனக்கு முன்னாலே ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். ஒரு கை கம்பியில். மற்றக் கையைப் பொத்திப் பிடித்து, நெஞ்சுக்குழியில் வைத்து அமத்திக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வை. வெளியே நல்ல குளிர்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லை. யோசிக்கிறன்."

"என்னத்தை?"

"இந்த லிஃப்டைக் கண்டுபிடிச்சவன் ஆர் எண்டு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, ஆனால் அந்த மனுசி அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் கை இறங்கியது, திரும்ப ஏறினார்.

குசினியில் பெரிய வாக்குவாதம். அவர் சொன்ன நியாயங்களை நான் லேசாகத் தள்ளிவிட ஏலாது. விடிய ஒரு அலுவலகம், பின்னேரம் ஒரு பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்தில் துடைக்கிறார். இடையில் கிடைக்கிற நேரத்தில் நித்திரையும் இல்லை, முழிப்பும் இல்லை. வருத்தம் என்று வாயைத் திறந்தால் ஷிப்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். போன மாரியில் புருசன் விழுந்தபிறகு வாடகை அவருடைய இரண்டு கையில்தான் நிற்கிறது.

"போனால் ஏதாவது கண்டுபிடிப்பினம்," என்றார். "கண்டுபிடிச்சால் நான் வேலைக்குப் போக ஏலாது. கண்டுபிடிக்காட்டி, எஃப்ராயினுக்குச் செய்தது மாதிரி அவமானப்படுத்தி அனுப்புவினம். இரண்டில எது நல்லது, சொல்லுங்கோ?"

"அங்க நிக்கிற தாதி உங்கட மொழி."

"அப்ப என்ர மொழியில சூப்புக்கு உப்பைக் குறை எண்டு சொல்லுவாள்."

எஃப்ராயின் அப்போதுதான் மேலே வந்து சேர்ந்தான். கதிரையில் இருந்து மூச்சு எடுத்துக்கொண்டு, "மார்லேனி, என்னைப் பார்," என்றான். அவர் பார்க்கவில்லை. கோப்பிப் பானையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின பானை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் சட்டைக் கையை மடிச்சால் வாறன். எத்தினை வருசமா வாய்வு எண்டு சொல்லிக்கொண்டு திரியிறியள். எங்களுக்கு மட்டும் புத்தி சொல்லுறது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டால் அவர் வென்றுவிடுவார். மடிக்கிறேன் என்றேன்.

சேர்ச் ஹோல் எலிஃபன்ட் பக்கமாக, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நாங்கள் திரும்பவும் பஸ்சிலேயே போனோம். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள், கோப்பி மணம், சுவரில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஒரு நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எக்குவடோர், பெரு, பொலிவியா, கொலம்பியா என்று எல்லா நாட்டுக்காரரும். முன்னுக்கு நின்றவர் யானெத் என்கிற பொலிவியாப் பெண். கிழமை நாட்களில் வைத்தியசாலையில் தாதி, சனிக்கிழமை இங்கே சம்பளமில்லாமல்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். "பன்றித்தோல் பொரியலை விடச் சொன்னால் நான் இப்பவே எழும்பிப் போறன்!"

"விட வேண்டாம் மாமா," என்றார் யானெத். "ஞாயிற்றுக்கிழமைக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனா கிழமையில ஒரு ஞாயிறுதான் இருக்கு, அதை மாத்திப்போடாதேங்கோ."

ஹோல் முழுக்கச் சிரிப்பு. அந்த ஆள் எழும்பிப் போகவில்லை. எனக்கு எங்கட மிக்சரும் ரோல்ஸும் ஞாபகம் வந்தது. எங்கட கொண்டாட்டங்களில் எவர் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்புவார்?

மருந்துக்கடைத் துண்டுப்பிரசுரங்களில் ஒலிவ் எண்ணெயும் மீனும் சாப்பிடச் சொல்லிப் படம் போட்டிருப்பார்களே, அப்படி ஒன்றும் யானெத் காட்டவில்லை. அவர்கள் வீட்டில் எப்போதும் இருக்கிற அவரையைப் பற்றிப் பேசினார். சூப்புக் கட்டியில் எவ்வளவு உப்பு என்று கரண்டியால் அள்ளிக் காட்டினார். ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் பஸ்சில் நித்திரை கொள்ளாமல் இரண்டு தரிப்பு முன்னால் இறங்கி நடக்கலாமா என்று கேட்டார். "காலுக்கு ஏலாது மகள்," என்று ஒரு அம்மா சொன்னபோது, "அப்ப ஒரு தரிப்பு," என்றார்.

எனக்குப் பிடித்தது அவர் ஆட்களைப் பார்த்த முறை. சுவரில் ஒரு மனித உடம்புப் படம். அதில் வைத்தியச் சொல் ஒன்றும் இல்லை. சனம் பாவிக்கிற சொற்கள்தான். நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், வயிற்றின் வாய். யாரிடமும் அவர் 'நோகுதா' என்று கேட்டதைக் காணவில்லை. 'எங்கே எண்டு கையால காட்டுங்கோ' என்றுதான் கேட்டார். சனம் நோவு என்று ஒத்துக்கொள்ளமாட்டார்களாம். ஆனால் கை தானாகப் போய் அந்த இடத்தில் நிற்குமாம்.

வாக்குக் கொடுத்தபடி முதலில் நான் சட்டைக் கையை மடித்தேன். பிரஷர் கூடுதலாக இருந்தது. கொஞ்சம் இல்லை, நல்லாய்க் கூட. என் டொக்டரிடம் அந்தக் கிழமையே போகச் சொன்னார் யானெத். மார்லேனி பக்கத்தில் நின்று, "வாய்வு பொல்லாத வாய்வுதான்," என்றார்.

பிறகு அவர் கதிரையில் இருந்தார். பட்டையைக் கையில் சுற்றினார்கள். இலக்கத்தைப் பார்த்த யானெத் இன்னொருதரம் எடுத்தார்.

"எங்கே எண்டு காட்டுங்கோ."

மார்லேனி கையைப் பொத்தி, படிக்கட்டில் வைத்த அதே இடத்தில் வைத்தார்.

"எப்ப வருது?"

"படி ஏறேக்க."

"சும்மா இருக்கேக்க?"

அவர் எஃப்ராயினைப் பார்த்தார். அவன் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். "போன கிழமை இரண்டுதரம் நித்திரையால எழுப்பினது," என்றார் மெதுவாக.

"இப்ப?"

கை இறங்கவில்லை.

"சொல்லு மார்லேனி," என்றான் எஃப்ராயின்.

"கொஞ்சம்."

யானெத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் தொலைபேசி கையில் இருந்தது. 999 எடுத்து இங்கிலிஷில் வேகமாகப் பேசினார். அவர்கள் கேட்டதை இவரிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடி ஒரு அஸ்பிரினைச் சப்பக் கொடுத்தார்.

"அம்புலன்ஸ் வேண்டாம்," என்றார் மார்லேனி. "சனம் பாக்குது."

"பாக்கட்டும் அம்மா. இண்டைக்குச் சனத்தைப் பாக்கவெண்டுதான் கூப்பிட்டனாங்கள்."

அம்புலன்ஸ் வந்து, உள்ளேயே ஈசிஜி எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றார்கள். எஃப்ராயின் அவரோடு ஏறினான். நான் பஸ்சில் போனேன். வைத்தியசாலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பஸ் மழைக்குள் நகரவே இல்லை. 'பெரிதாக ஒன்றும் தெரியவில்லை' என்ற சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது. எஃப்ராயினையும் அப்படி ஒரு சொல்லோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மார்லேனியை ஒரு சின்ன அறைக்குள் வைத்து ஒரு தாதி விபரம் எடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் தொலைபேசி, ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல். மொழிபெயர்ப்பாளர். கதவடியில் எஃப்ராயின் நின்றான், வெள்ளைச் சுவர் மாதிரி வெளிறிப்போய். நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன். குடும்பத்தவரா என்று தாதி கேட்டார். நண்பர் என்றேன். மொழிபெயர்ப்பாளர் இருப்பதால் நான் குறுக்கே பேசக் கூடாது என்று மரியாதையாகச் சொன்னார். அந்தச் சட்டம் சரியான சட்டம், சொந்தக்காரர் மொழிபெயர்த்து எத்தனையோ பேருக்குக் கெடுதல் நடந்திருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது பெரிய பாடாக இருந்தது.

வயிற்றின் வாயில் என்று மார்லேனி சொன்னார். குரல் மொழிபெயர்த்தது. 'வயிற்று நோவு.' தாதி அதைக் கொம்பியூட்டரில் தட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறதா என்று கேட்டார்.

எஃப்ராயின் என் கையைப் பிடித்தான். நான் குறுக்கே பேசத்தான் போனேன், சட்டமாவது ஒன்றாவது. அதற்குள் மார்லேனி எழும்பிவிட்டார். எழும்பி, கீபோர்டில் இருந்த அந்தத் தாதியின் கையைப் பிடித்து எடுத்து, தன் நெஞ்சுக்குழியில் வைத்து, மேலே தன் கையைப் பொத்தி அமத்தினார். "ஹியர்," என்றார். அவருக்குத் தெரிந்த இங்கிலிஷ். "ஹியர். ஸ்டெயர்ஸ். ஹஸ்பண்ட், ஹியர்." திரும்பி எஃப்ராயினின் நெஞ்சைக் காட்டினார்.

தாதி கையை இழுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு மார்லேனியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசிக்குக் குனிந்து, "வயிறில்லை, நெஞ்செலும்புக்குக் கீழே காட்டுகிறார். படியேறும்போது வருகிறதா, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா என்று கேளுங்கள்," என்றார்.

அந்தக் குரல் ஸ்பானிஷில் மெல்லச் சொன்னது. "அம்மா, மன்னியுங்கோ. உங்கட கை எனக்குத் தெரியேல்லை."

அந்த மனிதரில் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கேயோ ஒரு அறையில் இருந்து, லைனில் வருகிற ஒவ்வொரு ஊர் ஸ்பானிஷையும் பிடித்துக்கொண்டிருக்கிறார். சனம் கையால் சொல்வதைக் காதால் கேட்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எஃப்ராயினுக்கு நடந்ததும் இதுதான். அன்றைக்கும் அவன் கை நெஞ்சுக்குழியில் இருந்திருக்கும். பார்க்க அந்த அறையில் ஒருவர் இருந்தார். அவர் கொம்பியூட்டரைப் பார்த்தார்.

இரத்தம் எடுத்தார்கள், சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் எடுத்தார்கள். இரண்டாவது முறை ஏதோ கொஞ்சம் கூடியிருந்தது. வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்தார்கள். திங்கட்கிழமை இருதயக் குழாய்க்குள் பார்த்தபோது முன்பக்கத்துப் பெரிய குழாய் மிகவும் ஒடுங்கியிருந்ததாம். ஸ்டென்ட் வைத்தார்கள். தசை ஒன்றும் சாகவில்லை என்று டொக்டர் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இந்தமுறை நேரில் வந்திருந்தார். எஃப்ராயின் அந்தச் சொல்லைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டான். "சாகவில்லையா?" "இல்லை." நடைபாதைக்கு வந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். "எனக்குச் செத்தது, கொம்பாத்ரே. அவளுக்குச் சாகவில்லை."

மார்லேனி அழவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு தொலைபேசியைக் காட்டினார். மனேஜரின் குறுஞ்செய்தி. வருகிற வியாழன் வராவிட்டால் அந்த ஷிப்டுக்கு வேறு ஆள் போடுவாராம். "பாத்தியளா," என்றார். "கண்டுபிடிச்சிட்டினம்."

இனி, இந்தப் பயணத்தை நீங்களும் செய்ய நினைத்தால். லத்தீன் சமூகத்தவரின் இந்தப் பரிசோதனைகளுக்கு யாரும் போகலாம், என்னையும் பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்காக வைத்தது, இடம் இருந்தால் மட்டும் இருங்கள். போய்ப் பார்த்து, எப்படிச் செய்கிறார்கள் என்று படித்துக்கொண்டு வாருங்கள். சேர்ச் ஹோலில் பரிசோதனை சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடிந்துவிடும், பத்து மணிக்கே போய்விடுங்கள். அரைக்கைச் சட்டை போடுங்கள். குடிக்கிற குளிசைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நெஞ்சு அடைத்தால், பஸ்சும் வேண்டாம் ரெயினும் வேண்டாம், 999. இங்கிலாந்தில் நாற்பது வயதிலிருந்து எழுபத்து நாலு வரை, இருதய வருத்தம் ஏற்கெனவே இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. அழைப்பு வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளரும் இலவசம். நேரில் வேண்டும் என்று கேட்கலாம், கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஆனால் கேளுங்கள்.

மற்றவர்கள் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

எஃப்ராயினை வாய் திறக்கச் சொன்ன கிளினிக், 'வசதி வழங்கப்பட்டிருந்தது' என்பதை விட்டுவிட்டு, அவனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்கவேண்டும். தொலைபேசியில் மொழிபெயர்ப்பு நடக்கிற ஒவ்வொரு அறையிலும் டொக்டர், 'கையால் காட்டச் சொல்லுங்கள்' என்று முதலில் கேட்கவேண்டும், காட்டுகிற கையைத் தானே பார்த்து அந்தக் குரலுக்குச் சொல்லவேண்டும். அதற்குக் காசு செலவில்லை. படிவங்களில் இந்த லத்தீன் அமெரிக்கச் சனத்தை 'மற்றவை' என்ற பெட்டிக்குள் தள்ளுகிற கவுன்சில்கள் அவர்கள் பெயரிலேயே ஒரு பெட்டி போடவேண்டும், எண்ணப்படாதவர்களுக்கு இருதயம் பார்க்க எவரும் காசு ஒதுக்கமாட்டார். அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பானவர்கள் லிஃப்டைத் திருத்தவேண்டும். ஸ்டென்ட் வைத்தவரும் செத்த தசையோடு இருப்பவரும் மூன்று மாடி ஏறுகிறார்கள்.

ஆர்ச்வேயிலும் சட்டனிலும் கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலும் கோவில் நடத்துகிறவர்களும், கத்தோலிக்கப் பங்குகளில் யாழ்ப்பாண, மன்னார் ஆட்களைக் கூட்டுகிற குருமாரும், அன்னதானத்துக்கும் விருந்துக்கும் முன்னால் ஒரு மேசையும் பிரஷர் மெசினும் வைக்கவேண்டும். தாதிமாரும் டொக்டர்மாரும் எங்களுக்குள் எத்தனையோ பேர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுக்கவேண்டும். பக்கத்தில் ஒரு உடம்புப் படம், அதில் நெஞ்சுக்குழி, வாய்வு, அந்தரம் என்று எங்கட சொல்லிலேயே எழுதிவைக்கவேண்டும். வாய்வு என்று சொல்லிச் சோடா குடிக்கிற என் வயதுக்காரர் வரிசையில் வந்து நிற்கவேண்டும். நான் குளிசை தொடங்கிவிட்டேன், பவானி எண்ணித் தருகிறா.

கடைசியாக, மார்லேனியின் மனேஜர். டொக்டர் சொல்கிற நாள்வரைக்கும் அந்த ஷிப்டை மார்லேனி பெயரிலேயே வைத்திருக்கவேண்டும், சுகவீனச் சம்பளத்தில் சட்டப்படி வரவேண்டியதைக் கொடுக்கவேண்டும். ஆள் இல்லை என்றால் தும்புத்தடி அலுமாரிக்குள் இருக்கிறது. விடிய நாலு மணிக்கு வந்து அந்தத் தளத்தை மனேஜரே துடைக்கவேண்டும்.